பல்வலி: எது அவசரம்?

கேள்வி: பல்வலிக்கு இரவோடு இரவாக ஓட வேண்டுமா, விடியும்வரை பொறுக்கலாமா?

பதில்: வலியின் கடுமையை மட்டும் வைத்து அவசரத்தை அளக்க முடியாது. குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில நொடிகளில் அடங்கும் பல் ஓரிரு நாள் பொறுக்கும். சூடான காபி பட்டபின் நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று தெறிப்பதும், படுத்தால் கூடுவதும் பற்கூழ் அழற்சியின் அடையாளங்கள். மறுநாளே பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நாள்கணக்கில் துடித்த பல் திடீரென அடங்கினால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. உள்ளே நரம்பு செத்து, வேரடியில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கலாம்.

உண்மையான அவசரம் வீக்கத்தில் இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் தொற்று தாடைக்கு அடியில் பரவினால் அந்த இடம் பலகைபோல் இறுகும். நாக்கு மேலெழும்பிப் பின்னால் தள்ளி மூச்சை அடைக்கும். 1836-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரே நோய்க்கும் நிலைத்தது. வீக்கத்தோடு காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமல் எச்சில் வழிதல், கண்ணை மூடும் அளவு புடைப்பு, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் போக வேண்டிய இடம் பல் கிளினிக் அல்ல, மருத்துவமனையின் அவசரப் பிரிவு; தமிழ்நாட்டில் 108. நெஞ்சழுத்தமும் வியர்வையுமாக வரும் தாடைவலி மாரடைப்பாகவும் இருக்கலாம்.

அடிபட்டு முழுதாக விழுந்த நிலைப்பல்லை வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, முடிந்தால் அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். பால்பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை.

ஈறில் ஆஸ்பிரினை அடக்கிவைக்கும் கைவைத்தியம் வலியைத் தீர்க்காது. ஈறைத்தான் வெந்துபோகச் செய்யும்.