மீண்டும் எழுதும் கை

சென்ற ஆண்டு ஓய்வூதியர் ஒருவர் மனைவியின் தோளைப் பற்றியவாறு எங்கள் கிளைக்கு வந்தார். பக்கவாதத்தால் அவருடைய வலக்கை செயலற்றிருந்தது. பல ஆண்டுகளாக இட்டுவந்த கையெழுத்தை அவரால் இட இயலவில்லை. இடக்கைக் கட்டைவிரல் ரேகையைப் பெற்றுப் பணம் வழங்கினோம். புறப்படுமுன் அவர் கேட்டார்: "தலையில் காந்தம் வைத்துத் தூண்டினால் கை அசையும் என்கிறார்கள். நிரந்தர வைப்பை முறித்துவிடலாமா, சார்?"

வைப்பை முறித்தால் வட்டி எவ்வளவு குறையும் என்று உடனே கணக்கிட்டுச் சொன்னேன். சிகிச்சையைப் பற்றிச் சொல்லவோ, வணிகவியல் பட்டதாரியாகிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னர் படித்தறிந்தவற்றை, பிற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறேன்.

கை ஏன் அசைவதில்லை?

பக்கவாதத்தில் முதலில் கெடுவது கை அன்று. கைக்கு ஆணையிடும் மூளைப்பகுதியே. இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அப்பகுதியின் நரம்பணுக்கள் மடிகின்றன. மூளையின் இடப்பாதி வலக்கையையும் வலப்பாதி இடக்கையையும் ஆள்கின்றன. இவ்விரு பாதிகளும் ஒன்றையொன்று ஓரளவு அடக்கிச் சமநிலையில் இயங்குகின்றன. ஒரு பாதி பழுதுபட்டால், நலமான பாதி அதனை அளவுமீறி அடக்குகிறது என்பது அறிஞர்களின் கருதுகோள். அறுவை சிகிச்சையின்றி மூளையைத் தூண்டும் முறைகள் பலவும் இக்கருதுகோளை ஒட்டி எழுந்தவை.

இரு முறைகள்

மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர், தலைமேல் கம்பிச்சுருளை வைத்துக் காந்தத் துடிப்புகளைச் செலுத்தி, மனித மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டிக் காட்டினர். வினாடிக்கு ஒரு துடிப்பு என மெதுவாகச் செலுத்தினால் அப்பகுதியின் கிளர்ச்சி பொதுவாகத் தணியும். 5 துடிப்புகளோ அதற்கு மேலோ செலுத்தினால் மிகும். ஆகவே நலமான பாதியைத் தணிக்கவும் பழுதுற்ற பாதியை எழுப்பவும் முயல்கின்றனர்.

மற்றொன்று நேர்மின்னோட்ட முறை. ஈரப் பஞ்சுறையிட்ட இரு மின்முனைகளைத் தலையில் பொருத்தி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 20 நிமிடம் செலுத்துவர். இது நரம்பணுவை நேரடியாக இயக்குவதில்லை. இயங்குவதற்கான ஆயத்தத்தை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

பலன் என்ன?

சிறிய ஆய்வுகள் சிலவற்றில் நல்ல பலன் காணப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் 12 மையங்களில் 199 நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஒரு பிரிவினருக்கு உண்மையான காந்தத் தூண்டலும் மற்றொரு பிரிவினருக்குப் போலித் தூண்டலும் 18 அமர்வுகளில் அளித்தனர். கைப்பயிற்சி இரு பிரிவினருக்கும் உண்டு. ஆறு மாதம் கழித்து அளந்தபோது, குறிப்பிட்ட முன்னேற்றத்தை எட்டியவர்கள் முதற்பிரிவில் 67 விழுக்காடு, போலிப் பிரிவில் 65 விழுக்காடு. இரு பிரிவினரும் தேறினர். இருவருக்கும் பொதுவாக இருந்தது பயிற்சியே.

அப்பயிற்சியின் ஆற்றலை 2006இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வும் காட்டியது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் அசைக்க முடிந்த 222 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினர் இரண்டு வாரம் நலமான கைக்கு உறை மாட்டிக்கொண்டு, பழுதுற்ற கையையே பயன்படுத்திப் பயின்றனர். வழக்கமான கவனிப்பைப் பெற்றோரைவிட அவர்கள் அதிகம் தேறினர். ஓராண்டுக்குப் பின்னும் அப்பயன் நிலைத்தது.

ஆகவே தூண்டுதல் பயிற்சிக்குத் துணையாகலாம், பயிற்சிக்கு மாற்றாகாது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. வலிப்பு நோய், தலைக்குள் உலோகம், செவியில் பொருத்திய கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் இச்சிகிச்சை ஏற்றதா?
2. ஒவ்வோர் அமர்வுடனும் கைப்பயிற்சி உண்டா?
3. முன்னேற்றத்தை எந்த அளவுகோலால், எப்போது அளப்பார்கள்?
4. மொத்தச் செலவு எவ்வளவு? காப்பீடு எவ்வளவு ஏற்கும்? இவற்றை எழுத்தில் பெறுக.

கை தேறும்வரை கணக்கு முடங்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி, கையெழுத்திட இயலாத நோயாளியின் கைவிரல் அல்லது கால்விரல் ரேகையை, இரு சாட்சிகள் அடையாளம் காட்டினால் வங்கி ஏற்கும். சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ரேகையும் வைக்க இயலாமல், கிளைக்கும் வர இயலாதவர் இடும் ஒரு குறியும் அவ்வாறே ஏற்கப்படும்.

அந்த ஓய்வூதியர் வைப்பை முறிக்கவில்லை. இக்கேள்விகளோடு நரம்பியல் மருத்துவரிடம் சென்றார். முதலில் நாள்தோறும் பயிற்சி செய்யுமாறு மருத்துவர் கூறினாராம். அண்மையில் கிளைக்கு வந்தவர், பழைய படிவம் ஒன்றின் பின்புறத்தில் தம் பெயரின் முதலெழுத்தை வலக்கையால் எழுதிக் காட்டினார். எழுத்து கோணலாகத்தான் இருந்தது. கணக்கில் இன்னும் ரேகைதான். ஆயினும் புதிய மாதிரிக் கையெழுத்துக்கான படிவத்தை அவர் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார்.