ராமச்சம் என்று எழுதிய பலகை

அன்புள்ள மகளே,

நீ அமைத்த மூலிகைத் தோட்டத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஆடாதோடையை வேலியாக நிறுத்தியிருந்த விதமும், நிழல் விழும் மூலையில் கச்சோலத்தைப் படரவிட்டிருந்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. வடக்கு ஓரத்தில், வெயில் நன்றாக அடிக்கிற இடத்தில், இடுப்பளவுக்கு ஒரு புல் வரிசை நின்றது. பச்சை இலை, அணில்வால் மாதிரி இளஞ்சிவப்புக் கதிர்கள். காற்று வரும்போதெல்லாம் சாய்ந்து எழுந்தன. முன்னால் அழகான எழுத்தில் ஒரு பலகை: ராமச்சம்.

அது ராமச்சம் இல்லை, மகளே. நர்சரிகளில் ஃபவுண்டன் கிராஸ் என்று சொல்லி விற்கிற அழகுப் புல். நீ வாங்கிய இடத்தில் யாரோ மாற்றிச் சொல்லியிருக்கலாம், கூடை மாறியிருக்கலாம். அதைக் கிளற நான் வரவில்லை. இதை உன்னிடம் நேரிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உன் வயதுப் பிள்ளைகள் பலர் இன்று தோட்டம் அமைத்துக் கொடுக்கிற இந்த வேலைக்கு வருகிறார்கள். திருவனந்தபுரம் சாலைத் தெருவில் எங்கள் அங்காடிக்கடை முன்னால் நின்று, செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டி இது கிடைக்குமா என்று கேட்கிறார்கள். படத்தில் இலையும் பூவும்தான் இருக்கும். எங்கள் மூட்டைகளில் இருப்பதோ வேரும் பட்டையும் கிழங்கும். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

எங்கள் தெருவைப் பற்றி உனக்குத் தெரியும். திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய கடைத்தெரு. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை, தமிழையும் மலையாளத்தையும் ஒரே மூச்சில் பேசுகிற ஜனம். நாகர்கோவில்காரர் வந்து ஒரு பெயரைச் சொல்லுவார், ஆற்றிங்கல்காரர் அதே சரக்குக்கு வேறு பெயர் சொல்லுவார். இரண்டும் காதில் விழுந்து வளர்ந்தவனுக்கே பிழை வரும். எனக்கும் வந்தது.

பதினேழு வயதில் அப்பாவோடு கடையில் நின்றேன். வயதான வைத்தியர் ஒருவர் சுரத்துக்கு ஷடங்கம் கேட்டு ஆளனுப்பியிருந்தார். ஆறு சரக்கு: முத்தக்காசு, பர்ப்பாடகம், உசீரம், சந்தனம், உதீச்யம், சுக்கு. சரக சம்ஹிதை சொல்லும் கூட்டு. தண்ணீரில் இட்டுப் பாதியாக வற்றவைத்து, காய்ச்சல்காரரின் தாகத்துக்குக் கொடுப்பது. உசீரம் என்றால் வெட்டிவேர், மலையாளத்தில் ராமச்சம். அது எனக்குத் தெரியும். உதீச்யம் என்பது மலையாளத்தில் இருவேலி, நம் தமிழில் விலாமிச்சை. இங்கேதான் கால் வழுக்கியது. விலாமிச்சையை இலாமிச்சை என்றும் சொல்லுவார்கள். இலாமிச்சை, ராமச்சம் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார், ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பு போலத்தான் கேட்கும். வேறு வேறு பெயரில் ஒரே சரக்குதானே என்று நினைத்து, வெட்டிவேரையே இரண்டு பங்கு போட்டுக் கட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் வைத்தியர் தாமே வந்தார். பொட்டலத்தைப் பிரித்து, வேர்களை உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், முகர்ந்தார். இதில் அஞ்சுதான் இருக்கு என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் என்னோடு இருக்கிறது.

அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வரவே வராது. வெட்டிவேர் புல். அடித்தூர் விசிறி மடித்ததுபோல் தட்டையாக அமுங்கியிருக்கும். இலை நீளம், ஓரத்தில் சொரசொரப்பு. இலையைக் கசக்கினால் வாசனை வராது. பலரும் ஏமாறுவது இதில்தான். கசக்கினதும் எலுமிச்சை மணம் வந்தால் அது இஞ்சிப்புல், தைலப்புல். வெட்டிவேர் தன் மணத்தையெல்லாம் மண்ணுக்குள் ஒளித்து வைக்கும். வேர் கம்பி போல விறைப்பாக, மஞ்சளும் செம்மையும் கலந்து, நனைத்தால் புதுமழை மண் மணக்கும். நேர்கீழாக இறங்கும், நல்ல மண்ணில் இரண்டு மூன்று மீட்டர்கூடப் போகும். ஹைட்டியில் விளைந்து பாரிஸ் அத்தர்களில் சேர்கிற எண்ணெய்க்கும் உலகம் வழங்கும் பெயர் நம்முடைய வெட்டிவேர்தான்.

விலாமிச்சையோ துளசிக் குடும்பத்துச் செடி, கூர்க்கஞ்செடிக்குச் சொந்தம். சதைப்பற்றான தண்டு, எதிரெதிராக அகன்ற இலைகள், ஓரத்தில் பல். வேர் மெல்லிசு, வைக்கோல் நிறம், சிக்கலெடுக்காத முடி மாதிரி பின்னிக் கிடக்கும். வெட்டிவேரைவிட மணம் இளசு. இது காட்டில் தானாக முளைப்பதை யாரும் கண்டதில்லை. கும்பகோணம் பக்கம் காவிரிக்கரை மணலில் மனிதர்கள் நட்டு நட்டுக் காப்பாற்றி வந்ததால்தான் இருக்கிறது. நடுவதை நாம் விட்டுவிட்டால் அதோடு போயிற்று. வடநாட்டில் இதே உதீச்யத்துக்கு வேறொரு செடியின் வேரைப் போடுகிறார்கள், அது தனிக் கதை.

உனக்கு ஒரு பழக்கம் சொல்லித்தருகிறேன், என் அப்பா எனக்குச் சொன்னது. எந்தச் செடியானாலும் தண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார். ஷடங்கத்தின் செடிகளே போதும், பாடம் முழுக்க அதில் இருக்கிறது. வெட்டிவேரின் பூத்தண்டு உருளும், இடையிடையே கணு தட்டும்: புல். முத்தக்காசு, அதாவது கோரை, பார்க்க அச்சு அசல் புல்லேதான். ஆனால் உருளாது, மூன்று விளிம்பு விரலில் குத்தும். அது புல் இல்லை, வேறு குடும்பம். விலாமிச்சையின் இளந்தண்டில் நான்கு பட்டை தெரியும். ஒரே பொட்டலத்துக்குள் உருளையும் மூன்று மூலையும் நான்கு மூலையும். கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடலாம்.

இந்தச் சோதனை உன் அணில்வால் புல்லைக் காட்டிக்கொடுக்காது, அதுவும் புல்தானே. அதற்குக் கதிரைப் பார்க்க வேண்டும். வெட்டிவேர் பூத்தால், நடுத்தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக மெல்லிய கிளைகள் பிரிந்து நிற்கும், பஞ்சு மாதிரி ஒட்டி இருக்காது. கதிர் வரவில்லையென்றால் ஒரே வழி, ஓரத்தில் ஒரு பிடி தோண்டி வேரை முகர வேண்டும்.

தோண்டவும் முயன்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடியவில்லை. நீ மண்மேல் கறுப்புத் துணி விரித்து, வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டியிருக்கிறாய். களை வராது, பார்க்கவும் சுத்தம். பலகை தப்பானதைவிட என்னை வருத்தியது இந்தக் கூழாங்கல்தான். அழகுப் புல்லை யாரும் தோண்டப்போவதில்லை. நட்டு, வருஷத்துக்கு ஒருமுறை கத்தரித்துவிட்டால் போதும். அதன் வேலை மேலே முடிந்துவிடுகிறது. வேர்மருந்து அப்படியில்லை. வெட்டிவேரை ஒன்றேகால், ஒன்றரை வருஷத்தில் தோண்டியாக வேண்டும். விலாமிச்சையை ஆறு மாதத்துக்குள்ளேயே பிடுங்கியாக வேண்டும். பிடுங்குகிற அன்று செடி போய்விடும். ஆகவே பிடுங்குவதற்கு முன்பே, விலாமிச்சையில் தண்டுகளை ஒடித்து நட்டு வைக்க வேண்டும். வெட்டிவேரில் வேரை அறுத்துக்கொண்டு, தூரைப் பிரித்து மறுபடி நட வேண்டும். பாதிப் பாத்தி நிறைந்தும் பாதிப் பாத்தி வெறுமையாகவும் மாறி மாறி இருக்கிற தோட்டம் அது. படத்துக்கு நிற்காது. இதைப் பணம் கொடுப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடு. பின்னால் சொன்னால் செடி செத்துவிட்டது என்று நினைப்பார்.

மண்ணையும் மணலாக்கு. கடலூர்க் கடற்கரையில் வெட்டிவேர் நன்றாக வருகிறதென்றால் மணலில் வேர் அறாமல் வெளியே வருகிறது என்பதும் ஒரு காரணம். நம் செம்மண்ணில் தோண்டினால் பாதி உள்ளேயே நின்றுவிடும். சரிவு இருந்தால் அதன் விளிம்பில் வெட்டிவேரை ஒரு வரிசை நெருக்கமாக நட்டு, அதை மட்டும் தோண்டாமல் விட்டுவிடு, மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கர்நாடகத்தில் குண்டல்பேட்டை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் எல்லைகளில் அப்படி வைத்திருக்கிறார்கள். மருந்துக்குத் தனிப் பாத்தி. விலாமிச்சையை வெட்டிவேரின் நிழல் விழாத இடத்தில் வை. ஆள் உயரப் புல்லுக்குக் கீழே அது சோகையாகிவிடும்.

அழகுப் புல்லை நான் வெறுக்கிறேன் என்று நினைக்காதே. காற்றைக் கண்ணால் பார்க்க வைக்கிற செடி அது, உனக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் நீ வைத்திருப்பது விதை விடுகிற பச்சை வகை. ஹவாயில் இதே புல் எரிமலைச் சரிவெங்கும் பரவி, காய்ந்து, காட்டுத்தீக்கு விறகாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதை ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் சேர்த்து விற்பனையைத் தடுத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். இதன் சொந்தக்காரப் புல் ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கேரளத்தில் சாலையோரமும் மலைச்சரிவும் மஞ்சள் கதிரோடு நிறைந்து நிற்பதைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நீ பார்க்கிறாய். யாரோ ஒருவர் நல்லதென்று நினைத்துத்தான் முதலில் நட்டிருப்பார். காற்றாடும் புல் வேண்டுமென்றால் ஊதா இலை வகையை வாங்கு, அது பெரும்பாலும் முளைக்கிற விதை பிடிப்பதில்லை. வாசலில் வை, அதன் சொந்தப் பெயரைப் பலகையில் எழுது. இப்போது நிற்பதைக் கதிர் முற்றுவதற்குள் அறுத்து, வேரோடு எடுத்துவிடு.

ஆயுர்வேதக் கல்லூரி 1889 முதல் இந்த ஊரில் நடக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் எங்கள் கடைக்கு வந்து வேர்களைக் கையிலெடுத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த காட்சி. அவர்களில் யாராவது நாளை உன் தோட்டத்துக்கு வந்து அந்தப் பலகையை நம்பிப் படித்துவிட்டுப் போனால், அந்தப் பிழை ஒரு நோயாளியின் தண்ணீர்ச் செம்பு வரைக்கும் போகும்.

கடையின் பின்கட்டில் வெட்டிவேர்த் தூர் நாற்பது பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். விலாமிச்சைத் தண்டு பன்னிரண்டு மணல் தொட்டியில் வேர் விட்டிருக்கிறது. புதன்கிழமை காலையில், தெருவில் வண்டி நெரிசல் தொடங்குமுன் வா. வரும்போது மண்வெட்டி கொண்டு வா, அந்தக் கூழாங்கல்லைச் சேர்ந்தே அள்ளுவோம்.

அன்புடன்,
சாலைத் தெரு அங்காடிக்கடைக்காரன்