கை முந்துமா, பெல்ட் முந்துமா?



பள்ளி விடுமுறையில் உங்களில் சிலர் வேலைக்குப் போவதுண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் போன்ற ஊர்களில் மாவு மில், எண்ணெய்ச் செக்கு, பட்டறை, கரும்புச் சாற்றுக் கடை என்று ஓடும் இயந்திரத்தின் அருகிலேயே வேலைகள் இருக்கின்றன. ஒரு பையனுக்கு விரல் போய்விட்டால், "கவனமில்லாமல் கையை விட்டுவிட்டான்" என்பார்கள். இது சரிதானா? சோதித்துப் பார்ப்போம்.

சோதனை

30 செ.மீ. அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் கீழே இருக்கும்படி அதை உங்கள் நண்பர் தொங்கவிட்டுப் பிடிக்கட்டும். உங்கள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பூஜ்யத்தின் இருபுறமும், அதைத் தொடாமல் இருக்கட்டும். நண்பர் சொல்லாமல் விடுவார். நீங்கள் உடனே பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தில் என்ன எண் இருக்கிறது?

பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். 20 செ.மீ. தூரம் விழ அளவுகோலுக்குச் சுமார் 0.2 விநாடி ஆகிறது. கண் பார்த்து, மூளை கட்டளையிட்டு, தசை அசைவதற்கு உங்களுக்குத் தேவைப்பட்ட நேரம் அதுதான்.

இப்போது மில்லுக்கு வருவோம். நிமிடத்துக்கு 1440 முறை சுற்றும் மோட்டார் என்றால், விநாடிக்கு 24 சுற்று. அதன் புல்லியின் விட்டம் 10 செ.மீ. எனில் சுற்றளவு 31.4 செ.மீ. ஆகவே பெல்ட் விநாடிக்கு ஏறத்தாழ 7.5 மீட்டர் ஓடுகிறது. 0.2 விநாடியில் 1.5 மீட்டர்! உங்கள் கையின் முழு நீளமே அதில் பாதிக்கும் குறைவு. பெல்ட் புல்லிக்குள் நுழையும் இடத்தில் விரலோ தாவணி நுனியோ சிக்கினால், "ஐயோ, இழுக்கிறதே" என்று மூளை அறிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இளையோருக்கு ஏன் அதிகம்?

இளம் தொழிலாளர்களுக்கு, 25 வயதைத் தாண்டியவர்களைவிட 40 சதவீதம் வரை கூடுதலாகக் காயங்கள் ஏற்படுவதாக, ஐரோப்பியத் தரவுகளைக் கொண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் தெரிவித்தது. அவர்கள் மந்தமானவர்களா? இல்லை. பதினாறு வயதுப் பையனின் கை வேகமானதுதான். அந்த வேகத்தை அவன் நம்புவதே ஆபத்து. எந்த இடம் கையை இழுக்கும் என்று யாரும் அவனுக்குக் காட்டியிருப்பதில்லை. தெரியாததை முதலாளியிடம் கேட்கவும் கூச்சம். நழுவும் பெல்ட்டை ஓட்டத்திலேயே தள்ளி ஏற்றச் சொன்னால் மறுக்க முடிவதில்லை.

இதை அறிந்துதான் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் மோட்டாரையோ பெல்ட்டையோ துடைக்கவும் எண்ணெய் போடவும் 18 வயது நிரம்பாதவர்களை விடக் கூடாது என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்தைப் புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பிடித்தது. 14 வயது நிரம்பாதவர்களைக் கூலி வேலையில் அமர்த்துவதும், 18 வயது வரை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதும் 2016 முதல் குற்றம்.

அப்படியானால் எது காக்கும்?

கவனம் வேண்டும்; ஆனால் அது மட்டும் போதாது. புல்லியையும் பெல்ட்டையும் மூடும் கம்பிவலைக் கூண்டு வேண்டும். அதன் கண்கள் சிறுவர் விரலும் நுழையாத அளவு சிறியவையாக இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தாலும் கனமான கல் நிலைமத்தால் சிறிது நேரம் சுற்றும். அது முற்றிலும் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பழுது பார்ப்பவர் பியூஸ் கட்டையைக் கழற்றித் தம் பையிலேயே வைத்துக்கொண்டால், வேறொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டாலும் ஆபத்தில்லை. துண்டு, தொங்கும் பின்னல், வளையல் ஆகியவை இயந்திரத்தருகில் கூடாது.

அடுத்த முறை மாவு அரைக்கப் போகும்போது, அங்கே கூண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தக் கணக்கை மில்காரரிடம் போட்டுக் காட்டுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க இயந்திர ரம்பங்கள் வந்தன. அத்தகைய ரம்பத்தின் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் ஓடினால், 0.2 விநாடியில் எவ்வளவு தூரம் ஓடும்?

(விடை: 4 மீட்டர்)