போட் மெயில்

பிரம்மதேசத்திற்கு அண்மையிலுள்ள திண்டிவனத்தின் வழியே செல்லும் புகைவண்டியொன்றிற்குப் 'போட் மெயில்' என்னும் பெயர் வழங்குவதேன்? கப்பற் பயணமும் அதனோடு இணைந்திருந்தமையாலேயாம். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றபின், சென்னையில் ஒரே சீட்டுப் பெற்றோர் தனுஷ்கோடி வரை வண்டியிலும், தலைமன்னார்க்குக் கப்பலிலும், அப்பால் கொழும்புக்கு மீண்டும் வண்டியிலும் சென்றனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இன்று அவ்வண்டி இராமேசுவரத்தோடு நின்றுவிடுகின்றது.

ஐரோப்பாவில் 1883-ல் தோன்றிய ஓரியண்ட் எக்ஸ்பிரஸின் புகழ் இன்றும் பிரயாணிகளை ஈர்க்கின்றது. நம் போட் மெயிலின் வரலாறும் அதற்குக் குறைந்ததன்று. ஆயின் இவ்வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டங்கட்குச் சென்ற ஏழைத் தொழிலாளர், மண்டபம் முகாமில் நோய்த் தடுப்பிற்கெனத் தடுத்து வைக்கப்பட்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. கடலழகைக் காணச் செல்வோர் அவர்தம் துயரையும் உணர்வராயின், அதுவே பயணத்தின் பயனாகும்.