உட்கருவின் இரட்டைச் சவ்வு

உயிரணுவின் நடுநாயகமாக விளங்குவது உட்கரு. 1831-ஆம் ஆண்டு ஆர்க்கிட் செடியின் செல்களில் இதனைக் கண்டு பெயரிட்டவர் இராபர்ட் பிரவுன். வெங்காயத் தோலுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கருவின் எல்லை ஒரே கோடாகத் தெரியும். உண்மையில் அங்கிருப்பவை இரண்டு சவ்வுகள். இடைவெளி 20 முதல் 40 நானோமீட்டர் மட்டுமே ஆதலால், எலக்ட்ரான் நுண்ணோக்கியே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

வெளிச்சவ்வு எண்டோபிளாச வலையோடு தொடர்புடையது. அதன்மேல் ரைபோசோம்கள் ஒட்டியிருக்கும். இரு சவ்வுகளும் இணையும் இடங்களில் துளைகள் உள்ளன. 1950-இல் காலனும் டாம்லினும் இவற்றை நீர்நில வாழ்வனவற்றின் முட்டைச் செல்களில் கண்டனர். துளை என்பதால் வெற்று ஓட்டை என எண்ணலாகாது. சுமார் 30 வகைப் புரதங்களால், எண்கோண ஒழுங்கில் அமைந்த வாயில் அது. சிறு மூலக்கூறுகள் தாமே நுழையும்; பெரிய புரதங்களோ முகவரி போன்ற அமினோ அமில வரிசை இருந்தால்தான் உள்ளே அழைத்துச் செல்லப்படும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? உட்கரு உறை இல்லாத பாக்டீரியாவில், தூது ஆர்.என்.ஏ. எழுதப்படும்போதே ரைபோசோம் அதைப் படிக்கத் தொடங்கிவிடும். நம் செல்களிலோ அதன் தேவையற்ற பகுதிகளை வெட்டி, எஞ்சியவற்றை ஒட்டிய பிறகே வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு வேண்டிய இடத்தையும் அவகாசத்தையும் இவ்வுறையே தருகிறது.

உட்சவ்வின் அடியில் லாமின் என்னும் புரத இழைகளாலான வலை உண்டு. தவளை முட்டைச் செல்லின் உட்கருவில் இவ்விழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் படத்தைக் கண்டபோது, நெசவுத் தொழில் நடக்கும் எங்கள் அம்மையார்குப்பத்தின் பாவும் ஊடையுமே என் நினைவுக்கு வந்தன. இழை பழுதானால் துணி கெடும். இங்கோ உயிரே வாடும். லாமின்-ஏ மரபணுவில் நேரும் ஓரெழுத்து மாற்றமே, குழந்தைகளை இளமையிலேயே முதுமை எய்தச் செய்யும் புரோஜீரியா நோய்க்குப் பெரும்பாலும் காரணம் என்பது 2003-இல் தெரியவந்தது. பழுதான புரதம் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு உட்கருவின் வடிவையே குலைக்கிறது. அவ்வாறு ஒட்டுவதைத் தடுக்கும் லோனஃபார்னிப் என்ற மருந்துக்கு 2020-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அம்மருந்து நோயை நீக்காது; ஆயுளைச் சற்று நீட்டிக்கும். நம் நாட்டில் ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் வீணா பர்நாயக் லாமின்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர்.

நம் உடலில் செல் பிரியும்போது இவ்வலை கலைந்து, உறையும் சிதைகிறது. பிரிந்து முடிந்ததும் இரு சேய் உட்கருக்களைச் சுற்றியும் மீண்டும் உருவாகிறது. ஆகவே இதனை மதில் என்பதினும், காவலுள்ள வாயில் என்பதே பொருந்தும். பதிவேட்டில் நாம் வரையும் இரு கோடுகளுக்குள் இத்தனை செய்தி அடங்கியுள்ளது!