தீப்பெட்டிப் படங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் கரிசல் நிலம் பரந்து கிடக்கும். வானம் பொழிந்தால் அந்நிலத்தில் பருத்தியும் சோளமும் கம்பும் விளையும். பொய்த்தால் கண்மாய்கள் வெடித்துக் கிடக்க, பனையும் உடைமரமுமே எஞ்சி நிற்கும். திருச்சுழியை அடுத்தோடும் குண்டாற்றிலும் ஆண்டின் பெரும்பகுதி மணலையே காணலாம். உழவரை வாட்டும் இவ்வறட்சி மற்றொரு தொழிலுக்குத் துணையாயிற்று. மருந்திட்ட தீக்குச்சி ஈரக் காற்றில் நன்கு உலராது. மழை குறைந்து வெயில் மிகுந்த இந்நாட்டிலோ விரைவில் உலர்ந்துவிடும்.

1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று மீண்டனர். சுவீடனும் ஜப்பானும் அனுப்பிய பெட்டிகளையே பெரிதும் நம்பியிருந்த காலம் அது. அவர்கள் தொடங்கிய தொழில் சிவகாசியிலிருந்து சாத்தூருக்கும் கோவிற்பட்டிக்கும் அவற்றைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களுக்கும் பரவியது. மழை தவறிய ஆண்டுகளில் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பெற்ற கூலியே பல குடும்பங்களின் உலையை எரிய வைத்தது.

அக்காலத்துப் பெட்டி மென்மரச் சீவலால் ஆனது. அதன்மீது தாள் சுற்றி, முகப்பில் சிறியதொரு படத்தை ஒட்டுவர். புலி, மயில், கப்பல், தாமரை என அப்படங்கள் பலவகைப்பட்டன. எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லியே கடையில் பெட்டி கேட்டனராதலின், படமே வணிகத்தின் பெயர்ப் பலகையாக விளங்கியது. இவற்றை அச்சிடும் பொருட்டே சிவகாசியில் அச்சுத் தொழிலும் வேரூன்றி வளர்ந்தது.

காலிப் பெட்டியைப் பெரியவர் எறிந்தனர். சிறுவர் எடுத்துக் கொண்டனர். தீப்பெட்டிப் படங்களையும் சிகரெட் அட்டைகளையும் சேர்த்து வைத்து, தரையில் வட்டமிட்டு, அவற்றை நடுவில் அடுக்கிக் கல்லெறிந்து வெளியே தள்ளி ஆடுவது தமிழ்நாட்டுத் தெருக்களில் நெடுங்காலம் வழங்கிய விளையாட்டாகும். எங்கும் கிடைக்கும் அட்டைக்குக் குறைந்த மதிப்பும், எப்போதோ கிடைக்கும் அட்டைக்கு மிகுந்த மதிப்பும் அவர்களே வகுத்துக் கொண்டனர். பொருளியல் பயிலாத அச்சிறுவர் கண்ட கணக்கைத்தான் பெருஞ்செல்வர்களும் பின்பற்றுகின்றனர்!

அமெரிக்க நாட்டில் சிகரெட் உறை நசுங்காதிருக்க, உள்ளே சிறு அட்டையொன்றை வைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்கமாயிற்று. 1909 முதல் 1911 வரை வெளிவந்த ஒரு தொகுதியில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்கள் 500க்கு மேற்பட்டு இடம்பெற்றன. அவற்றுள் ஹோனஸ் வாக்னர் என்பாரின் படம் மட்டும் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர் தம் படத்திற்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். உரிய பணம் கேட்டார் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும், இன்று எஞ்சியுள்ளவை ஏறத்தாழ 60 அளவிலேயே இருக்கும். அவற்றுள் ஒன்று 2022ஆம் ஆண்டில் 72,50,000 டாலருக்கு விலை போயிற்று.

அருமை ஒன்றே இவ்விலையைத் தந்தது என்று எண்ணுதல் பிழையாகும். எவரும் வேண்டாத பொருள் உலகில் ஒன்றே ஒன்று இருப்பினும் விலை பெறாது. ஐந்நூறு அட்டைகளைத் தேடிச் சேர்த்தவனுக்கு, நிரம்பாத அந்த ஒற்றை இடமே கண்ணை உறுத்துகிறது. அவ்வாறு உறுத்தப்படுவோர் பலராகவும் அட்டைகள் சிலவாகவும் இருக்கும்போது விலை ஏறுகிறது. நம் தீப்பெட்டிப் படங்களுக்கு அத்தகைய பெருவிலை இல்லை. பழம்பெட்டி ஒன்றைக் கண்டெடுத்துப் பெருஞ்செல்வம் வருமெனக் கனவு காண்பவர் ஏமாற்றமே அடைவர்.

ஆயினும், சேர்ப்பவருக்கு இப்படங்களிலும் தனிச்சுவை உண்டு. ஒரே புலிப்படத்தைப் பத்துத் தாள்களில் வைத்து ஒப்பிட்டால், ஒன்றில் வால் உயர்ந்திருக்கும். மற்றொன்றில் நிறம் சற்று விலகி அச்சாகியிருக்கும். குச்சிகளின் எண்ணிக்கை ஒன்றில் மாறியிருக்கும். நன்கு விற்ற படத்தை அடியொற்றி, ஏறக்குறைய அதே நிறத்தில் வேறொரு படம் வெளியிட்டு வாங்குவோரை மயக்க முயன்றவரும் இருந்தனர். வழக்கு எழுந்தால் அப்படம் மறைந்து போகும். வணிகத்தில் வென்ற படம் கணக்கின்றி அச்சாகி மலிந்தது; தோற்ற படமே அரிதாயிற்று. இன்னொரு விந்தையும் உண்டு. வடநாட்டுச் சந்தைக்கென இந்தி எழுத்துடன் அச்சான படங்கள், செய்யப்பட்ட ஊரிலேயே காண்பதற்கு அரியனவாயின.

மரச்சீவல் போய் அட்டைப் பெட்டி வந்தபின், படம் அட்டையிலேயே அச்சாகத் தொடங்கியது. தனித்தாளாக ஒட்டும் வழக்கம் அருகியது. 2021 டிசம்பரில் 1 ரூபாய்ப் பெட்டியின் விலை 2 ரூபாயாக உயர்ந்தபோது, அதன் முகப்பில் ஒட்டுவதற்குத் தாளும் இல்லை, ஒட்டும் கையும் இல்லை.

அந்தக் கை யாருடையது என்பதையும் இங்குக் கூறாதிருத்தல் தகாது. கரிசற் சிற்றூர்களின் சிறுவர் சிறுமியர் பலர் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பருவத்தில் கட்டை அடுக்கினர், பெட்டி ஒட்டினர். இடர்மிக்க தொழிலில் சிறாரை அமர்த்துவோர், ஒவ்வொரு சிறாருக்கும் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டுமென்று, சிவகாசிச் சிறார் உழைப்புப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. தெருவில் படம் சேர்த்து ஆடிய சிறுவரும், அப்படத்தை ஒட்டிய சிறுவரும் ஏறத்தாழ ஒரே வயதினர்.

பழம்பெட்டியிலிருந்து படத்தைப் பிரிக்க விரும்புவோர் அதைத் தண்ணீரில் ஊறவிடுவர். சிறிது நேரத்தில் படம் தானே கழன்று மிதக்கும். அதை மெல்ல எடுத்துத் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்துவர். முகப்பில் மயில் நிறம் மாறாதிருக்கும். ஊறவிடாமல் தானே கழன்ற தாளாயின், அதன் பின்புறத்தில் காய்ந்த பசை இன்னும் ஒட்டியிருப்பதையும் காணலாம்.