புல் வளர்க்கலாம், ரகம் தெரிந்து நடுவோம்



திருவண்ணாமலையில் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை சாத்துகிறோம். அதே புல் வயலில் முளைத்தால் களை என்று பிடுங்கிப் போடுகிறோம். ஆனால் விடுதி, கல்லூரி, புது வீடு கட்டுபவர்கள் புல்தரை போட அதே அருகு இனத்தைச் சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் குழுக்கள், கடன் வாங்கும் முன்னாடி இந்தப் பாடத்தைப் படியுங்கள்.

ரகங்கள்

நாட்டு அருகு: வெயில் தாங்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலும் மழை பெய்தால் துளிர்க்கும். நிழல் ஆகாது.

ஒட்டு அருகு: டிப்வே (1960), டிப்டுவார்ப் (1965) இரண்டும் அமெரிக்காவின் டிப்டன் ஊர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவை. இலை மெல்லிசு, நல்ல அடர்த்தி.

கொரியன் புல்: மெத்தை மாதிரி இருக்கும். மெதுவாகத்தான் பரவும், வருமானமும் தாமதமாகும்.

எருமைப்புல்: அகன்ற இலை. அரை நிழலிலும் வளரும், தண்ணீர் அதிகம் கேட்கும்.

ஏமாறாதீர்கள்

ஒட்டு அருகு முளைக்கும் விதை தராது. வாழையைக் கன்று வைத்துத்தானே வளர்க்கிறோம்? அதுபோல இதைத் தண்டு நட்டுத்தான் பெருக்க வேண்டும். "டிப்டுவார்ப் விதை" என்று யாராவது பாக்கெட் நீட்டினால் வாங்காதீர்கள்.

நடும் முறை

முதல் தடவை நாங்கள் கோரையை மேலாகக் கிள்ளிவிட்டு நட்டோம். கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டது. புல்லோடு கோரையும் கிளம்ப, வாங்க வந்தவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். உழைப்பும் போச்சு, காசும் போச்சு.

ஆகவே ஒரு அடி ஆழம் கொத்தி, தண்ணீர் விட்டு, கோரையை முளைக்க விடுங்கள். முளைத்ததும் கிழங்கோடு தோண்டி எடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பிறகு மக்கிய தொழு உரம் கலந்து சமன் செய்து, கணு உள்ள தண்டுத் துண்டுகளை நாலு விரல் இடைவெளியில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயக்கூடாது. அடிக்கடி வெட்டிவிட்டால் பக்கவாட்டில் பரவும்.

கணக்கு

ஒரு சென்ட் என்பது சுமார் 436 சதுர அடி. முதலில் ஒரு சென்ட் போதும். புல்லை வெட்டும்போது மேல்மண்ணும் சேர்ந்து போகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் எரு போடும் செலவைச் சேர்த்தே விலை சொல்லுங்கள். இடையிடையே பட்டை பட்டையாகப் புல்லை விட்டு வெட்டினால் அது மறுபடி பரவும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வி பேசுங்கள்: கோடையில் கிணற்றில் தண்ணீர் இருக்குமா? வாங்குபவர் யார்? என்ன ரகம் கேட்கிறார்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கடனுக்கு மனு எழுதலாம்.